காணத்தக்க ஊரும் கைவிடத்தக்க பெருமையும்

பெயரைக் கேட்டு ஆளை அளக்கும் நாடு நம் நாடு. "தங்கள் பெயர்?" என்பார்கள். சொன்னால் போதாது, "முழுப் பெயர்?" என்பார்கள். அதையும் சொன்னால் "எந்த ஊர்?" என்பார்கள். ஊரையும் சொல்லிவிட்டால் "அந்த ஊரில் எந்தத் தெரு?" என்று தொடர்வார்கள். அவர்கள் தேடுவது பெயரையன்று, ஊரையன்று, தெருவையுமன்று. அவற்றின் பின்னே பதுங்கியிருக்கும் சாதியைத்தான் தேடுகிறார்கள்!

இந்தக் கேள்விக் கணைகளுக்கு ஒரு கேடயம் செய்து கொடுத்தது தமிழகம். 1929-ஆம் ஆண்டு செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெயரின் வாலில் தொங்கிய சாதிப் பட்டங்களைக் களைந்தெறியுமாறு மக்களை அழைத்தது. முதலியாரும் பிள்ளையும் நாயக்கரும் ஒவ்வொருவராகப் பெயரைவிட்டு இறங்கினர். தந்தையின் பெயரில் முதலெழுத்து, தன் பெயர், அவ்வளவே போதும் என்ற வழக்கம் வளர்ந்தது. வடபுலத்து நண்பர்கள் இன்றும் அதைக் கண்டு வியக்கிறார்கள்.

ஆனால், தோழர்களே, பட்டமென்று பார்வைக்குப் படாத பட்டங்களும் உண்டு. கடல் கடந்து வந்தவை, கால்சட்டை அணிந்தவை, காதுக்கு ஐரோப்பிய இசையாக ஒலிப்பவை. அத்தகைய ஒன்று என் பெயரின் பின்னே நிற்கிறது. நான் தூத்துக்குடிக்காரன். என் குடும்பப் பெயர் மிராண்டா.

வெளியூரில் இப்பெயரைச் சொன்னால், "ஆங்கிலோ இந்தியரா?" என்று கேட்பார்கள். தூத்துக்குடியில் அந்தக் கேள்வி எழாது. மிராண்டா என்றாலும், பெரைரா என்றாலும், மச்சாடோ என்றாலும் அங்குள்ளவர் ஒரு நொடியில் உணர்ந்துகொள்வர்: "பரதவர் வீட்டுப் பிள்ளை." போர்த்துக்கீசியப் பெயரென்பது எங்கள் கடற்கரையில் தமிழ்ச் சாதியொன்றின் முகவரி!

இது நேர்ந்த கதையைச் சுருங்கச் சொல்கிறேன். சங்கப் பாடல்கள் போற்றும் நெய்தல் நிலத்துப் பரதவர், முத்துக் குளிக்கும் உரிமைக்காகப் போராடி நலிந்திருந்த காலம் அது. 1535-ஆம் ஆண்டையொட்டி அவர்களின் தலைவர்கள் கொச்சிக்குச் சென்று போர்த்துக்கீசியரின் பாதுகாப்பை நாடினர், ஞானமுழுக்குப் பெற்றனர். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் ஆயிரக்கணக்கானோர் ஊர் ஊராகக் கிறித்துவராயினர். 1542-இல் பிரான்சிசு சவேரியார் வந்து இறங்கியபோது, அவர் கண்டது முன்பே முழுக்குப் பெற்றிருந்த மக்களைத்தான். முழுக்கோடு பெயரும் வந்தது. மாலுமியின் பெயர், படைவீரனின் பெயர், பக்கத்தில் நின்ற ஞானத்தந்தையின் பெயர், எது கிடைத்ததோ அது ஒட்டிக்கொண்டது. குருதி வரவில்லை, பெயர் வந்தது. அரபிக்கடல் வழியே மிளகு போயிற்று, முத்து போயிற்று. பதிலுக்கு வந்த சரக்குகளில் பெயரும் ஒன்று.

சரக்கு எப்படிப்பட்டதென்று பாருங்கள்! பெரைரா என்றால் பேரி மரம். சில்வா என்றால் காடு. மச்சாடோ என்றால் கோடரி. காட்டையும் மரத்தையும் கோடரியையும் பெயராகச் சுமந்துகொண்டு, "எங்கள் குலம் உங்கள் குலத்தினும் உயர்ந்தது" என்று கடலோரத்தில் சண்டை நடக்கிறது. அதே பெரேராவும் சில்வாவும் இலங்கையிலே சிங்களப் பௌத்தர் வீட்டில் விளங்குகின்றன. பிரேசிலிலோ, ஆப்பிரிக்காவிலிருந்து விலங்கிட்டுக் கொண்டுசெல்லப்பட்ட அடிமைகளின் வழித்தோன்றல்களும் அப்பெயர்களைத் தாங்கி நிற்கிறார்கள். பெயரைக் கொண்டு குருதியைக் கணக்கிட முனைவது, சாக்குப் பையின் மேலுள்ள எழுத்தைக் கொண்டு உள்ளிருப்பதைச் சுவைபார்ப்பதாகும்.

இவையெல்லாம் ஏட்டில் படித்தறிந்தவை. நான் கடல் கடந்து போய்ப் பார்க்க நேர்ந்ததற்குக் காரணம் ஏடன்று, வீடு.

என் தம்பியின் மகள், உடன் பணிபுரியும் ஓர் இளைஞரை மணக்க விரும்பினாள். அவரும் கிறித்துவர், அதே கோயில், அதே பூசை, அதே செபம். ஆனால் உள்நாட்டு ஊரைச் சேர்ந்தவர், வேறு சாதி, பெயருக்குப் பின்னே போர்த்துகல் இல்லை. எங்கள் பெரியப்பா கொதித்தெழுந்தார். எண்பதைக் கடந்தவர், கண்டிப்பானவர், அன்பிலும் குறையாதவர். "தம்பி, நானூற்றைம்பது ஆண்டுகளாக மிராண்டா என்ற பேர் நம் வீட்டில் இருக்கிறது. நம் முன்னோர் துரைமார் வழி. இந்தப் பெண் அதைக் கொண்டுபோய் மண்ணில் போடுவதா? கோயிலில் கலியாண ஓலை வாசிக்கும்போது எழுந்து நின்று தடை சொல்வேன்" என்றார். மருமகள் வடித்த கண்ணீரை அவர் பார்க்கவில்லை; பார்க்க மறுத்தார்.

அந்நாளில், பணியின் பொருட்டு நான் லிஸ்பன் மாநகர் செல்லும் வாய்ப்பு வந்தது. புறப்படும் நாளில் பெரியப்பா என் கையைப் பற்றிக்கொண்டு, "அங்கே மிராண்டா என்று ஓர் ஊரே இருக்கிறதாமே! போய்ப் பார்த்துவிட்டு வா. நம் குடும்பச் சின்னம் கிடைத்தால் வாங்கி வா. சட்டம் போட்டு மாட்டுவோம்" என்றார். "ஆகட்டும், பெரியப்பா" என்று சொல்லிப் புறப்பட்டேன்.

லிஸ்பனைப் பற்றி ஒன்று மட்டும் சொல்லிவிட்டுக் கடக்கிறேன். 1554-ஆம் ஆண்டு அந்நகரில்தான் தமிழ்ச் சொற்கள் முதன்முதலாக அச்சேறின. உரோம எழுத்துகளில் அமைந்த தமிழ்ச் செபப் புத்தகம் அது. தமிழ் எழுத்திலேயே தமிழ் அச்சேறியது அதற்குப் பிறகு, 1578-இல் கொல்லத்தில். எங்கள் கடற்கரை மக்களின் தாய்மொழியை எந்த நாடு அச்சிலேற்றியதோ அந்த நாடே எங்கள் பெயர்களை அச்சழித்தது என்ற எண்ணம் அந்நகர வீதிகளில் நடக்கும்போது என்னைவிட்டு அகலவில்லை.

அங்கிருந்து வடகிழக்கே, நாட்டின் கோடி மூலையில், டூரோ ஆறு போர்த்துகலையும் ஸ்பெயினையும் பிரிக்கும் இடத்தில் இருக்கிறது மிராண்டா டூ டூரோ. தொடர்வண்டி இல்லை. முன்பு ஒரு சிறு பாதை இருந்தது; அதுவும் நகருக்குள் வராமல் பக்கத்துச் சிற்றூரோடு நின்றுவிட்டது; 1988-இல் அதையும் மூடிவிட்டார்கள். பிரகான்சா நகரிலிருந்து சாலை வழியே சென்றேன். கல்வேலிகளும் கருவாலி மரங்களும் மேயும் செந்நிற மாடுகளுமாக, வறண்ட மேட்டுநிலம் விரிந்து கிடந்தது. நம் கரிசல் காட்டுக் கோடையைக் கண்டவர்க்கு அந்த நிலம் அயலாகத் தோன்றாது.

நகர் சிறியது. மதிலுக்குள் வெண்சுவர் வீடுகள், ஒரு பேராலயம், இடிந்த கோட்டை. கீழே செங்குத்தான பள்ளத்தில் பச்சை நிறத்தில் டூரோ. 1545-ஆம் ஆண்டு மூன்றாம் ஜான் மன்னன் இதற்கு நகரம் என்ற தகுதியை அளித்தான், ஆயர் வந்தார், 1552-இல் பேராலயம் எழத் தொடங்கியது. அதே மன்னனின் ஆட்சியில்தான் எங்கள் முன்னோர் கொச்சியில் முழுக்குப் பெற்றனர் என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். பெருமை நீடித்ததா? 1762-இல் ஸ்பானியப் படை முற்றுகையிட்டிருந்தபோது கோட்டையின் வெடிமருந்துக் கிடங்கு வெடித்தது. ஏறத்தாழ 400 பேர் மாண்டனர். கோட்டை சரிந்தது. சில ஆண்டுகளில் ஆயரும் பிரகான்சாவுக்குப் போய்ச் சேர்ந்தார். ஆண்டவனின் காவல் மிகுந்த ஊரை ஆயரே விட்டுப் போன விந்தையை என்னென்பது!

பேராலயத்துள் ஒரு குழந்தை ஏசுவின் உருவம் இருக்கிறது. தலையில் கனவான்கள் அணியும் உயர்ந்த தொப்பி! பகைவர் முற்றுகையிட்ட நாளில் ஒரு சிறுவன் திடீரெனத் தோன்றி மக்களைப் போருக்குத் தூண்டினான், வெற்றிக்குப் பின் மறைந்தான், அவனே இவன் என்பது கதை. பக்தர்கள் அளித்த உடைகள் பெட்டி பெட்டியாக உள்ளன. திருநாளுக்குத் தக்கபடி மாற்றி அணிவிக்கிறார்கள். நம்மூர்ப் பட்டும் பீதாம்பரமும் நினைவுக்கு வரவில்லையா? 1762-இல் நானூறு பேர் மடிந்தபோது அச்சிறுவன் எங்கே போயிருந்தான் என்று கேட்க நாவெழுந்தது. விருந்தினன் என்பதால் அடக்கிக்கொண்டேன்.

அந்நகரில் எனக்கு வழிகாட்டியவர், நண்பர் ஒருவர் அறிமுகப்படுத்திய ஆசிரியர். ஆங்கிலம் அறிந்தவர். என் கடவுச்சீட்டில் பெயரைக் கண்டு வியந்தார், மகிழ்ந்தார். "இவ்வூரில் மிராண்டா குடும்பத்தார் எங்கே இருக்கிறார்கள்?" என்று கேட்டேன். சிரித்தார்.

"ஊருக்குள் இருப்பவனை ஊர்ப் பெயரால் யார் அழைப்பார்? எல்லாரும் மிராண்டாவினர்தாமே! ஊரைவிட்டுப் போனவனைத்தான் அயலூரார் 'மிராண்டாவிலிருந்து வந்தவன்' என்று அழைத்திருப்பர். அதுவே குடும்பப் பெயராக நிலைத்திருக்கும். இப்பெயர் கொண்டவர் உலகெங்கும் உண்டு. அதுமட்டுமன்று, மிராண்டா என்னும் ஊர் இந்த ஒன்றுதான் என்று எண்ணிவிடாதீர்கள். நாட்டின் நடுப்பகுதியில் மிராண்டா டூ கோர்வோ இருக்கிறது. ஸ்பெயினில் எப்ரோ ஆற்றங்கரையில் ஒரு மிராண்டா இருக்கிறது. உங்கள் ஞானத்தந்தை எந்த மிராண்டாவின் வழி என்று யாரால் சொல்ல முடியும்?"

"பெயருக்குப் பொருள்?"

"இலத்தீனத்தில் 'காணத்தக்கது' என்பது பொருள். மேட்டின்மேல் நின்று சுற்றிலும் பார்க்கத் தகுந்த இடங்களுக்கு இப்பெயர் இட்டனர் போலும்."

காணத்தக்க ஊர்! தோழர்களே, இவ்வளவுதான் எங்கள் துரைமார் குலத்தின் மறைபொருள். குன்றின்மீது ஓர் ஊர். அங்கிருந்து போன எவனோ ஒருவன். அவன் பேரனோ கொள்ளுப்பேரனோ ஏறிய ஒரு கப்பல். அது நின்ற ஒரு கரை. அக்கரையில் முழுக்குப் பெற்ற ஒரு மீனவன். இதற்காகவா ஒரு பெண்ணின் வாழ்வை மறிப்பது?

ஆசிரியர் மேலும் சொன்னார். "இந்நாட்டில் பெயருக்குள்ளே வேறொரு துயரமும் புதைந்திருக்கிறது" என்றார். 1497-இல் போர்த்துகலின் யூதர்கள் வலுக்கட்டாயமாகக் கிறித்துவராக்கப்பட்டனர். அவர்களும் அந்நாட்டு வழக்குப் பெயர்களைப் பூண்டனர். பெயர் மாறியதால் வாழ்வு மாறியதா? இல்லை. 'பழைய கிறித்துவர்', 'புதிய கிறித்துவர்' என்று பிரித்தனர். குருதித் தூய்மை என்றொரு கோட்பாட்டைக் கட்டினர். புதிய கிறித்துவர் வழி வந்தவனுக்குப் பதவி இல்லை, மடத்தில் இடமில்லை. 1536-இல் சமய விசாரணை மன்றம் அமைந்தது. இந்த வடகிழக்கு மலைநாட்டில் அதற்கு இரையானோர் பலர். அந்தப் பிரிவினையைச் சட்டத்தால் ஒழிக்க 1773-ஆம் ஆண்டு வரை, பொம்பால் பிரபுவின் காலம் வரை, காத்திருக்க வேண்டியதாயிற்று.

குருதித் தூய்மை! எங்கோ கேட்ட குரலாக இருக்கிறதன்றோ? நம் நாட்டுப் பிரிவுகளைக் கண்ட போர்த்துக்கீசியர் அவற்றைத் தம் மொழியில் 'காஸ்டா' என்றனர். வம்சம், இனவழி என்பது அச்சொல்லின் பொருள். ஆங்கிலத்தின் 'காஸ்ட்' அதிலிருந்து பிறந்ததே. நம் நோயைக் காட்ட அவர்களிடம் ஆயத்தமாக ஒரு சொல் இருந்ததென்றால், அந்த நோயின் சாயல் அவர்கள் வீட்டிலும் இருந்தது என்றுதானே பொருள்? சமத்துவம் தருமென்று நம்பி எங்கள் மக்கள் புகுந்த வீட்டுக்குள்ளும் ஒரு திண்ணை, ஒரு தாழ்வாரம், ஒரு புறக்கடை இருந்திருக்கின்றன.

மறுநாள் ஆசிரியர் என்னைப் பிக்கோத் என்னும் சிற்றூருக்கு அழைத்துச் சென்றார். டூரோவின் வளைவை நோக்கிய பாறை விளிம்பிலிருக்கும் ஊர். அங்கே நான் கேட்டது போர்த்துக்கீசு மொழியன்று. மிராண்டீசு என்னும் வேறொரு மொழி. ஸ்பெயினின் லியோன் நாட்டு மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. நூற்றாண்டுகளாக எழுத்தில்லாமல், வயலிலும் அடுப்படியிலும் வாழ்ந்த மொழி.

இங்கேதான் நகருக்கும் சிற்றூருக்கும் உள்ள வேற்றுமை விளங்கியது. ஆயரும் அதிகாரிகளும் வந்தமர்ந்தபின், மிராண்டா நகரத்தார் தம் மொழியை விட்டு அரசமொழிக்குத் தாவினர். சுற்றியிருந்த சிற்றூர்களின் உழவர் விடவில்லை. நகரம் பெயரை வைத்துக்கொண்டது; சிற்றூர் மொழியைக் காத்தது! ஆனால் காத்தவர்களே அதை மதித்தார்களா? கேளுங்கள்: தங்கள் மொழியை அவர்களே 'முரட்டு மொழி' என்றனர். போர்த்துக்கீசுக்கு 'மேன்மக்கள் மொழி' என்று பெயரிட்டனர். அடிமைத்தனத்தின் முதிர்ச்சி இதுதான். தன்னை இழிவென்று பிறர் சொல்ல வேண்டியதில்லை, தானே சொல்லிக்கொள்வது.

ஊரில் ஒரு மூதாட்டியோடு பேசினேன், ஆசிரியர் மொழிபெயர்த்தார். "பள்ளியில் எங்கள் மொழி வாயில் வந்தால் அடி விழும், ஐயா. வீட்டில் அம்மாவோடு ஒரு மொழி, வாசற்படி தாண்டினால் வேறு மொழி. என் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அவர்களும் அடிபட வேண்டுமா?" என்றார். 1950-களில் ஆற்றிலே அணைகள் எழுந்தபோது (பிக்கோத் அணை முடிந்தது 1958-இல்) வெளியூர்த் தொழிலாளரும் பொறியாளரும் வந்து நிறைந்தனர். மின்விளக்கு வந்தது; அது நன்மை. மொழியின் விளக்கு மங்கியது, அது இழப்பு. இரண்டையும் மூதாட்டி ஒரே மூச்சில் சொன்னார்.

"முரட்டு மொழி" என்று இகழப்பட்டதன் உண்மைத் தகுதி என்ன? ஒரு சான்று காட்டுகிறேன். நிலவுக்கு இலத்தீனத்தில் லூனா. போர்த்துக்கீசில் லூவா; நடுவிலிருந்த னகரம் தேய்ந்துபோயிற்று. மிராண்டீசிலோ லியுனா, னகரம் அப்படியே நிற்கிறது. உயர்ந்தோர் மொழி இழந்ததை உழவர் மொழி காத்து நிற்கிறது! சிதைந்த மொழி எது, சிதையாத மொழி எது? அடியெடுத்து அளந்து பார்த்தாலன்றோ தெரியும்!

அளந்து பார்க்க ஒருவர் வந்தார். லெய்ட் டி வாஸ்கான்செலோஸ் என்னும் இளைஞர். போர்ட்டோவில் மருத்துவ மாணவர். இப்பகுதியிலிருந்து வந்த சக மாணவர் ஒருவர் வாயிலாக இம்மொழியை அறிந்தார். 1882-இல் அதைப்பற்றி எழுதி உலகுக்கு அறிவித்தார். 1900, 1901-ஆம் ஆண்டுகளில் விரிவான இலக்கணமும் ஆய்வும் வெளியிட்டார். நம் கால்டுவெல் 1856-இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டதை இவ்விடத்தில் எண்ணாதிருக்க முடியுமா? இரண்டிலும் நிகழ்ந்தது ஒன்றே. "இது மற்றொன்றின் கிளை, மற்றொன்றின் சிதைவு" என்று சொல்லிவந்த செருக்கை இலக்கணம் எழுந்து மறுத்தது.

இலக்கணத்தோடு நின்றுவிட்டால் மொழி அருங்காட்சியகப் பொருளாகியிருக்கும். சலசார் ஆட்சிமுறை 1974-இல் வீழ்ந்தது. 1980-களில் பள்ளியில் விருப்பப் பாடமாக அம்மொழி நுழைந்தது. 1999-ஆம் ஆண்டு சனவரி 29-இல் வெளியான சட்டம் மிராண்டீசு மக்களின் மொழியுரிமையை ஏற்றது. அதே ஆண்டில் எழுத்துமுறை வகுக்கப்பட்டது. அண்மையிலுள்ள செந்தீம் ஊரில் 1950-இல் பிறந்த அமதேயு ஃபெரைரா, லிஸ்பனில் உயர்பதவி வகித்துக்கொண்டே, போர்த்துகலின் பெருங்காப்பியமான லூசியாடசு நூலைத் தம் தாய்மொழியில் பெயர்த்தார். வாஸ்கோ ட காமா நம் கரைக்கு வந்ததைப் புகழும் காப்பியம் அது! "மேன்மக்கள் மொழியில் உள்ளதை எங்கள் முரட்டு மொழியும் தாங்கும்" என்று மெய்ப்பித்துவிட்டு, 2015-இல் அவர் மறைந்தார். இன்று தெருப்பெயர்ப் பலகைகளில் இரு மொழிகளும் உள்ளன. ஆயினும் இடர் நீங்கவில்லை. வீகோ பல்கலைக்கழகத்தின் ஆய்வு, இம்மொழியறிந்தோர் ஏறத்தாழ 3,500 பேர் என்றும், நாள்தோறும் பேசுவோர் அதனினும் மிகக் குறைவு என்றும் மதிப்பிட்டது.

அன்று மாலை ஊர்த் திடலில் ஆடவர் எண்மர் வெண்பாவாடை அணிந்து, கையில் குறுங்கோல் ஏந்தி, பைக்குழலுக்கும் முரசுக்கும் இசைய ஆடினர். கோலோடு கோல் மோதிய ஒலி கேட்டதும் எனக்கு நம் ஊர்க் கோலாட்டம் கண்முன் வந்தது. அவர்கள் எம் இனமென்று சொல்ல மாட்டேன்; கோலைக் கையிலெடுத்த மக்கள் எங்கும் ஆடக் கற்கிறார்கள், அவ்வளவே. உறவு காண்பதற்குக் குருதி வேண்டுவதில்லை என்பதற்கு அந்த மாலையே எனக்குப் போதுமான சான்று.

நகரத்துக் கடையொன்றில் குடும்பச் சின்னங்கள் விற்றனர். கேடயமும் சிங்கமும் வரைந்து, கேட்கும் பெயரைக் கீழே பொறித்துத் தருவார்களாம். விலை கொடுத்தால் போதும், குலம் கிடைக்கும்! நான் வாங்கவில்லை. பள்ளிச் சிறுவர்க்கான மிராண்டீசு நூலொன்றை வாங்கினேன்.

தூத்துக்குடி திரும்பியதும் பெரியப்பாவிடம் எல்லாம் சொன்னேன். சின்னத்தைப் பற்றி அவர் கேட்கவில்லை, நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு, "அப்படியானால் நாம் துரைமார் இல்லை. சரி. நாம் யார்?" என்றார்.

"கடலை அறிந்தவர்கள், பெரியப்பா. அவர்கள் கப்பலில் வந்தபோது, முத்து எங்கே விளைகிறதென்று நம்மைக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டார்கள். கடன்வாங்கிய பெருமை நமக்கெதற்கு?"

"பெருமை வேண்டாம் என்கிறாய். பெண் விரும்பியபடி போகட்டும் என்கிறாய்."

"ஆம்."

அவர் இசைவு தரவில்லை. ஆனால் ஞாயிறுதோறும் கோயிலில் ஓலை வாசிக்கப்பட்டபோது, மூன்று முறையும் முன்வரிசையில் அமர்ந்திருந்த அவர் எழுந்து தடை சொல்லவுமில்லை. அழைப்பிதழில் மணமக்களின் பெயர்கள் தலைப்பெழுத்தோடு மட்டும் அச்சாயின. அது என் மருமகள் எடுத்த முடிவு; யாரும் சொல்லித் தரவில்லை.

தோழர்களே! பெயரை வெறுக்கச் சொல்லவில்லை. காணத்தக்க ஊர் என்பது அழகிய பெயர்தான். ஆனால் பெயர் வேலியாக நிற்கும்போது, அதைப் பிடுங்க வேண்டியது நம் கடமை. போர்த்துக்கீசியப் பட்டத்தில் ஒளிந்தாலும், வடமொழிப் பட்டத்தில் ஒளிந்தாலும், கோயில் ஓலையில் ஒளிந்தாலும் சாதி சாதியே. பெயரில் உயர்வு தேடியவர் கையில் கிடைப்பது கடையில் விற்கும் சிங்கம். தம் சொல்லைத் தாழ்வென்று எண்ண மறுத்தவர் கையில் இருப்பதோ, இன்றும் பேசும் மொழி. இரண்டில் எதைத் தேடுவது என்று உங்கள் வீட்டிலும் ஒருநாள் கேள்வி எழும். அப்போது, கண்ணீரோடு நிற்கும் பெண்ணின் பக்கம் நில்லுங்கள்.